யூபா சிட்டி விலாசம்

திமிர் பிடித்தவள் என்று சொல்லாதே, சிந்தர். மாமனாரின் லாரிக் கம்பெனியை நிர்லேப்தான் கவிழ்த்தாள் என்று, குருத்வாரா அடுக்களையில் ஒரு கூடை ரொட்டி தேய்த்து முடிப்பதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டாய். நான் அந்த வீட்டிலேயே இருக்கிறவள், அவள் மாமனார் குர்மேஜுக்கு அக்கா, அவள் பூவா என்று கூப்பிடும் அத்தை. எனக்கு எழுத்துத் தெரியாது. கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன.

என் தம்பிகள் குர்மேஜும் நாஜரும் ஒரே லாரியை மாறி மாறி ஓட்டித் தொடங்கியது அந்தக் கம்பெனி. யூபா சிட்டியில், நாஜர் வீட்டு விலாசத்தில்தான் லாரி ஓட்டுவதற்கான சர்க்கார் நம்பர் வாங்கினார்கள். பிறகு சண்டை. நாஜர் விலகிக்கொண்டான். குர்மேஜ் லாரிகளோடு தெற்கே இந்த லிவிங்ஸ்டன் ஊருக்கு வந்துவிட்டான். ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. ஆனால் சர்க்கார் ஏட்டில் கம்பெனி இன்னும் நாஜர் வீட்டில்தான் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கம்பெனி விவரத்தை வாஷிங்டனுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றுமே மாறாவிட்டாலும் சொல்ல வேண்டும். எங்கள் நம்பர் மூன்றில் முடிகிறது, அதனால் மார்ச் மாதம். நிர்லேப் கல்யாணமாகி வந்த வருஷமே அந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

"டாடிஜி, லாரி நிக்கிறது இங்க, ஆபீஸ் இங்க. அந்த விலாசம் எதுக்கு?"

"நம்பர் அங்க பொறந்தது, பேட்டா. பொறந்த ஊரை மாத்துவாங்களா?"

குர்மேஜ் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத் தெரியும். விலாசத்தை மாற்றினால், தம்பி பிரிந்து போய்விட்டான் என்று அவனே எழுதிக் கொடுத்தது போலாகும். புது மருமகள் வாயை மூடிக்கொண்டு பழைய விலாசத்தையே போட்டாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் கம்பெனியைப் பார்க்க சர்க்கார் சோதனை அதிகாரிகள் நாஜர் வீட்டுக்குப் போனார்கள். "இங்க லாரியும் இல்ல, கம்பெனியும் இல்ல" என்று நாஜர் பெண்டாட்டி கதவைச் சாத்திவிட்டாள். பின்னால் வந்த கடிதமும் அங்கேயே கிடந்தது. ஒரு கல்யாண வீட்டில்தான் எங்களுக்குச் சேதி தெரிந்தது. நிர்லேப் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"எல்லாம் நெஜம்னு கீழ என் பேரைப் போட்டிருக்கேனே, பூவா."

இந்த மார்ச்சில் பழைய விலாசத்தைப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஒளிப்பானேன், நானும் சொன்னேன்: "தட்டி விடேன்டி. வாஷிங்டன்லேந்து யார் எட்டிப் பாக்கப் போறா?"

"ஒரு தடவை எட்டிப் பாத்துட்டாங்களே, பூவா!"

"நானே போட்டுக்கறேன்" என்றான் குர்மேஜ். விவரம் போடுகிற சர்க்கார் இணையப் பக்கத்துக்குள் நுழைகிற ரகசிய எண் அவன் போனுக்குத்தான் வரும். போன் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. மார்ச் போயிற்று.

ஏப்ரலில், ஸ்ட்ராபெரி ஏற்றிக்கொண்டு போன தல்வீரை, நிர்லேப்பின் புருஷனை, அரிசோனா எடைமேடையில் நிறுத்தினார்கள். மார்ச்சில் விவரம் வராததால் நம்பர் செத்துவிட்டது, லாரி நகரக் கூடாது என்றார்கள். பழத்தை வேறு கம்பெனி லாரி ஏற்றிக்கொண்டு போனது. பழக்காரரும் அந்தக் கம்பெனியோடு போய்விட்டார். தல்வீர் யாரோ ஒருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

தாடியில் தூசியோடு கத்தினான். "ஒரு பட்டன்! ஒரே ஒரு பட்டனைத் தட்ட மகாராணிக்குக் கை வலிச்சிதா?"

"உங்கப்பாவைக் கேளுங்க. போனைக் குடுத்தா இப்பவே இந்த வீட்டு விலாசத்தைப் போடறேன்."

குர்மேஜ் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "போடு. யூபா சிட்டின்னு போடு. இல்லன்னா இந்த வீட்டுல உனக்கு என்ன வேலை?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "பூவா, ரெண்டு பேருக்கும் மூத்தவங்க நீங்க. சொல்லுங்க, நம்ம லாரி அங்கயா நிக்குது?"

ஒரு வார்த்தை. 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வாயாலேயே தம்பிகளைப் பிரித்தது போலாகுமே என்று துப்பட்டா முனையைத் திருகிக்கொண்டிருந்தேன். இதைத்தான் நீ ஊருக்குச் சொல்ல வேண்டும், சிந்தர். அவள் திமிரை அல்ல.

 நிர்லேப் போனைத் தொடாமல் எழுந்தாள். ஒரு பையில் நாலு உடுப்பு வைத்துக்கொண்டாள். வாசலில் குனிந்து செருப்பை மாட்டினாள். தல்வீர் "நிர்லேப்" என்று ஒரு தரம் கூப்பிட்டான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.