நத்தை எண்ணிய திங்கட்கிழமைகள்

என் அப்பாவுக்குத் தோற்கத் தெரியாது. கேரம் போர்டில் என்னிடம் தோற்றால்கூட அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். காகித ஆலையில் தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலை அவருக்கு.

ஆலைக்குக் கீழே, ஆற்றோரம், தலைமுறை தலைமுறையாகப் பூர்வகுடிகள் இருந்தார்கள். ஆலையோடு பல வருடம் மல்லுக்கட்டிக் கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. திங்கட்கிழமைதோறும் ஆலையிலிருந்து ஒருவரும் அவர்களில் ஒருவரும் சேர்ந்து ஆற்றைப் பார்த்து, ஒரே நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து இரண்டில் ஒரு கையெழுத்து விழாவிட்டாலும் கழிவுநீர் மதகை மூடிவிடுவார்கள். மதகை மூடினால் ஆலையையும் இழுத்து மூட வேண்டியதுதான்.

பூர்வகுடிகள் அனுப்பிய ஆள் அப்பாவைவிட ஒரு வயது மூத்தவர். ஒப்பந்தத் தாளில் 'கூட்டுப் பொறுப்பு' என்று இருந்ததால் அப்பா அவரைப் பங்காளி என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அவர் பெரியப்பா ஆகிவிட்டார். அப்பாவிடம் பெட்டி நிறையக் கருவிகள். பெரியப்பா வெறுங்கையோடு வந்து, ஆழமில்லாத இடத்தில் இருபது கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் நத்தைகளை எண்ணுவார். நத்தை இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர்.

எண்ணுவதற்கு முன் எத்தனை இருக்கும் என்று இருவரும் சொல்ல வேண்டும். தோற்றவர் பெட்டியை மேட்டுக்குச் சுமக்க வேண்டும். வாரா வாரம் அப்பாதான் சுமந்தார். பிறகு எங்கள் சமையலறையில் டீ குடித்துக்கொண்டே பெரியப்பா வம்பிழுப்பார்: "அடுத்த வாரமாவது உன் மிஷினைக் கேட்டுட்டுச் சொல்லு பங்காளி." அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாக்கிங் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய்க் கற்களைப் புரட்டி எண்ணிப் பழகினார். பரீட்சைக்குப் படிப்பதுபோல!

கோடையில் நத்தை குறைந்தது. நாற்பது இருந்த இடத்தில் பதினொன்று. கருவிகள் எல்லாம் சரி என்றன. பெரியப்பா கையெழுத்துப் போட மறுத்தார்.

"உங்க ஆளுங்க திருட்டுத்தனமா எதையோ தொறந்து விடறாங்க பங்காளி."

மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டார். "அந்த ஆள் பொய் சொல்றார்னு எழுதிக் குடுங்க. வேற ஆளை அனுப்பச் சொல்லிடலாம்."

அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் பங்காளியை நம்பவும் முடியாமல் தவித்தார்.

கையெழுத்து விழாத மூன்றாவது திங்கட்கிழமை இரண்டு பக்கத்தாரும் கரையில் கூடிவிட்டார்கள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் போயிருந்தேன். பெரியப்பா ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது கிடந்த அதே குழியில், கிடந்தபடியே வைத்தார். அப்பா இதை நூறு முறை பார்த்திருக்கிறார். மனிதருக்குப் பொறுமை அதிகம் என்று நினைத்திருக்கிறார். அன்றுதான், எண்ணும் இடத்துக்குச் சற்று வெளியே கிடந்த ஒரு கல் அப்பாவின் கண்ணில் பட்டது. பாசி பிடித்த மேல்பக்கம் மணலில் புதைந்திருந்தது. அடியில் இருக்க வேண்டிய நத்தை முட்டைகள் மேலே வெயிலில் காய்ந்து ஒட்டியிருந்தன. சுற்றிலும் அப்படியே. எல்லாம் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் புரட்டிப் போட்டுவிட்டு வந்த கற்கள்.

அவர் பேசாமல் இருந்தால், ஒன்று ஆலை மூடும், இல்லையென்றால் பெரியப்பாவுக்குப் பொய்யர் என்ற பெயர் வரும்.

"நான்தான்," என்றார் அப்பா. "ஞாயித்துக்கெழமை வந்து பொரட்டினேன். திருப்பி வைக்கணும்னு தெரியல. தோத்துக்கிட்டே இருந்தேன்... அதான்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே," என்றார்.

ஆற்றுக்குக் கேடு செய்தவர், அது தேறும்வரை அதில் கால் வைக்கக் கூடாது என்பது பூர்வகுடிகளின் சட்டம். ஆலை வேறொருவரை அனுப்பியது. பெரியப்பா எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போவார், உள்ளே வரமாட்டார். அம்மா பழக்கதோஷத்தில் ஒரு டம்ளர் கூடுதலாக எடுத்துவைப்பாள், பிறகு சத்தமில்லாமல் அதை அலமாரியில் வைத்துவிடுவாள். அப்பா அந்த நேரத்தில் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஒரு வருடம் இப்படியே போனது.

அடுத்த கோடையில் ஒரு திங்கட்கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், ஈரக் காலோடு பெரியப்பா.

"நாப்பத்திரெண்டு," என்றார்.

அப்பா முகத்தை மறைத்திருந்த பேப்பரை இறக்கினார்.

"என்ன முழிக்கறே? அந்தப் புது ஆளுகிட்ட எத்தனைன்னு கேட்டா, 'நீங்களே சொல்லுங்க சார்'ங்கறான். ஒரு வருஷமா தோக்கறதுக்கு ஆளில்லாம கெடக்கறேன். கெளம்பு பங்காளி."

அப்பா அழுதுவிட்டார். செருப்புக்கூடப் போடாமல் அவர் பின்னாலேயே ஓடினார்.