கொதிநீருக்குக் கறுப்பு பைப்

பைப் தொழிலில் கொதிநீரோடு மல்லுக்கட்டிவிடலாம், ஆபீஸ் மேசையோடுதான் முடியாது. அளவு எழுதிக் கொடுத்துவிட்டு ஏச்சு வாங்கும் சக அவஸ்தைக்காரர்களே, கேளுங்கள். தேயிலைத் தொழிற்சாலைகளில் எங்கே எந்த அளவில், எதில் செய்த குழாய் போடுவது என்று சொல்வது என் பிழைப்பு. வீடு ரிங்லெட் என்கிற மலையூரில்.

ஸ்டோரில் இருந்தது

தூள் காயவைக்கும் மெஷினைச் சூடாக்கிய நீராவி, கொதிக்கும் தண்ணீராகி பாய்லருக்குத் திரும்ப வேண்டும். அந்தக் குழாய், பாய்லர் பார்க்கும் மணியம் நிற்கிற இடத்தை ஒட்டிப் போகிறது. இரண்டு இன்ச் இரும்பு என்று எழுதிக் கொடுத்தேன்.

தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி என் தாளில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார், படிக்கவில்லை. நாற்றங்காலுக்கு வாங்கி மிஞ்சிய ஒரு இன்ச் கறுப்பு பாலித்தீன் பைப் சுருளைக் காட்டினார். சூட்டில் இளகும், மூட்டு கழன்றால் மணியம் மேல்தான் கொட்டும் என்று தொண்டை வறளக் கத்தினேன். திரிங்காப் காய்கறித் தோட்டங்களில் மலை முழுக்க இதுதானே ஓடுகிறது என்றார். அங்கே முட்டைக்கோசுக்குப் போவது பச்சைத்தண்ணீர் ஐயா என்றேன்.

"தண்ணி தண்ணிதானேலா. ஒங்களுக்கு முடியலன்னா எங்காளுங்க போட்டுக்குவாங்க."

போட்டும்விட்டார்கள்.

பங்களா

அதே வாரம் தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவில் குளியலறைக்குச் சுடுதண்ணீர்க் குழாய் வேலை. குளிக்கிற சூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, அதுவே போதும் என்றேன். துரை என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எம்பொண்ணுங்க குளிக்கிற எடம். பிளாஸ்டிக்க நம்ப முடியாது, செம்பு போடுங்க." செம்பே போட்டேன். அப்படியே தொழிற்சாலைக் குழாயையும் மாற்றச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"அதெல்லாம் கிராணிகிட்ட பேசிக்கங்கலா."

மூன்றாம் நாள்

பைப் இளகித் தொய்ந்து, மூட்டு கழன்றது. மணியத்துக்கு வலது கால் முட்டிக்குக் கீழே வெந்துபோனது. செய்தி கேட்டு ஓடினேன். தரையில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. கிராணி அந்தப் பைப்பைக் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் ஸ்பானர் இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

"ரெண்டு நாள் நல்லாத்தானே ஓடிச்சு!"

கையெழுத்து

ஆபீஸுக்குக் கூப்பிட்டு விபத்து அறிக்கைத் தாளை நீட்டினார்கள். குழாயைத் தேர்ந்தெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்! கிராணி முத்திரை குத்திய என் தாளின் நகலை எடுத்து மேசைமேல் அறைந்தேன். கையெழுத்து போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மணியம் கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். இரும்பு போடும்வரை தொழிற்சாலை வாசலிலேயே உட்காராமல் வந்தது என் தப்பு என்றும் சொன்னேன்.

"அண்ணே, பங்களாவுல என்ன பைப் போட்டீங்க?" என்றார்.

"செம்பு."

தன் காலைப் பார்த்தார்.

"அப்ப தொரைக்குத் தெரிஞ்சிருக்குலா."

எங்கள் மலையில் குழாய் வாங்கும்போது, உள்ளே எவ்வளவு சூடு என்று எவனும் கேட்பதில்லை, பக்கத்தில் நிற்பது யார் என்றுதான் கேட்கிறான்.