உள்ளங்கையில் சீனிக்கட்டி

ரொறன்ரோவில், பார்க்டேலில் நாங்கள் இருந்த கட்டடத்தில் ஒரு ஹங்கேரிக் கிழவர் இருந்தார். லிஃப்டில் யாரைக் கண்டாலும் விரல்களை மடக்காமல் இடுப்பளவில் உள்ளங்கையை நீட்டுவார். அதில் ஒரு சீனிக்கட்டி இருக்கும்.

"பாவம், நல்ல மனிசன். வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ," என்பாள் என் மனைவி.

வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாக அறிவித்த அன்று, அழுத கண்ணோடு லிஃப்டில் ஏறினேன். என்ன என்று அவர் கேட்டார்.

"அங்கே சுடமாட்டோம் என்று சொல்லி, அக்கா குடும்பத்தைப் பாதுகாப்பு வலயத்துக்குப் போகச் சொன்னது இலங்கை இராணுவம். போனார்கள். ஒரு செய்தியும் இல்லை."

அவர் தன் கதையைச் சொன்னார். ஹங்கேரியில் அவருடைய சிற்றூர் குதிரை வளர்ப்புக்குப் பேர்போனது. இளவயதில் அங்கே லாயத்தில் வேலை. இரண்டாம் உலகப்போர் முடியும் நேரம், நடக்கமுடியாத குதிரைகளை எதிரிக்கு விடாமல் சுடச் சொன்னார்களாம்.

"ஒரு கையில் சீனி, மற்றதில் துவக்கு," என்றார் நிதானமாக. "சீனிக்குக் குதிரை தலை குனியும். குனிந்தால் குறி தப்பாது. உன் அக்காவும் அப்படித்தான் போயிருக்கிறாள்."

பிறகு வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினார்.

அவரை அறையத்தான் நினைத்தேன். அதற்குள் என் தலை தானாகக் குனிந்து அந்தச் சீனிக்கட்டியைப் பார்த்துவிட்டது.