முப்பத்தொரு சிவப்புக் குறி

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கவலையில்லை. என் கண்ணால் பார்த்தது இது. இப்போதும் நினைத்தால் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

நான் மரபணு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். இரண்டு வருடம் முன்பு எங்கள் பேராசிரியர் என்னை ஒரு மலையூருக்கு அழைத்துப் போனார். பத்துத் தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். வெளி ரத்தம் கலக்காத இடத்தில் இதய நோய்க்கான காரணம் சீக்கிரம் சிக்கும் என்றார். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ரத்தம் எடுக்க நான்தான் ஊசி குத்தினேன். எல்லோரும் தயங்கி நிற்க, முதலில் கை நீட்டியவள் அந்த ஊர்த் தையல்காரி.

"ரெண்டு மாசத்துல ரிசல்ட் சொல்லிடுவோம்க்கா" என்றேன்.

காரணம் சிக்கிவிட்டது. முப்பத்தொரு பேருக்குத் திடீரென்று இதயம் நின்றுபோகும் கோளாறு. தினம் ஒரு மாத்திரை போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பேராசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? "கட்டுரை வெளிவரட்டும். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

நானும் திறக்கவில்லை. அந்தக் கோபம் என் மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் 3.10. ஆய்வுக்கூடத்தில் நான் மட்டும். வெளியே பேய்மழை.

டொக்... டொக்...

திரும்பினேன். தையல்காரி நின்றிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம். என் கார்டு இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. அவள் மேல் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

"ரிசல்ட் வந்துச்சா?"

"இன்னும் வரலைக்கா..."

"பொய்."

அவள் முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு. அன்று நான் ஒட்டியது. அதில் ரத்தம்... காயவே இல்லை.

"படி."

பட்டியலைத் திறந்தேன். சிவப்புக் குறியிட்ட முதல் பெயர் அவளுடையது. அடுத்தது அவள் மகன். முப்பத்தொன்றையும் படித்தேன்.

மணி 3.26.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

என் அக்கா இதய டாக்டர். விஷயத்தைச் சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு, மாத்திரைகளோடு மறுநாள் காலை ஏழு மணிக்கு மலையேறினேன். பள்ளிக்கூட வாசலில் ஒரு வரிசை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"யார் வரச் சொன்னது?" என்றேன்.

"அம்மா" என்றான் தையல்காரியின் மகன். "நேத்து மூணரைக்கு வீடு வீடா வந்து கதவைத் தட்டுனாங்க."

"அம்மா எங்க?"

"செத்து பதினாலு மாசம் ஆச்சு. குடத்தோட மேடு ஏறுறப்ப அப்படியே விழுந்துட்டாங்க."

விஷயம் தெரிந்து பேராசிரியர் போனில் கத்தினார். "கட்டுரையே போச்சு!"

"ஆளே போயாச்சு சார்!" வேலையையும் அந்த நிமிடமே விட்டேன்.

தையல்காரி போக முப்பது பேர்தான் நிற்க வேண்டும். எண்ணினேன்.

முப்பத்தொன்று.

கடைசியில் பட்டியலில் இருந்த ஒரு பெண், கையில் நான்கு மாதக் குழந்தை. நாங்கள் ரத்தம் எடுத்தபோது அது பிறக்கவே இல்லை. குழந்தை எந்தப் பட்டியலிலும் இல்லை.

"எங்க வீட்டுக்கும் வந்தாங்க. குழந்தையத் தொட்டுக் காட்டுனாங்க" என்றாள்.

அக்கா அதன் ரத்தத்தை வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது.

குழந்தைக்கும் இருக்கிறது.