மேட்டில் தட்டாத வண்டி

பிள்ளைகளே, நம் தெரு மேட்டில் காரின் அடி தட்டுகிறது என்று உங்கள் மூவரையும் பின்சீட்டிலிருந்து இறக்கி நடக்க விடுவேனே, அதைப் பற்றி ஒருவரிடம் பேசினேன்.

அடையாறு சர்வீஸ் சென்டரில், நம் காருக்குப் பக்கத்து லிஃப்டில் அவருடைய கார் நின்றது. வேறு கம்பெனி, விலையும் அதிகம். அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அவர் சாவியிலிருந்த கம்பெனி முத்திரையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கீழ வந்து பாருங்க சார். ரெண்டுக்கும் அடிப்பாகம் ஒண்ணுதான். மேல தகடும் பேரும்தான் வேற" என்றார் அவர்.

குனிந்து பார்த்தேன். அச்சு அசலாக அப்படியே இருந்தது. ஆனால் நம்முடையதில் நீளநீளமாகக் கீறல்கள். அவருடையதில் ஒன்றுகூட இல்லை. பொறாமை இன்னும் கூடியது.

"உங்களுக்கு மேட்டுல தட்டாதா சார்?"

"பின்னாடி ஆள் உக்காந்தாத்தானே தட்டும்? இதுல நான் ஒருத்தன்தான்."

நம் காரின் கீறலை விரலால் தடவினார். "எத்தனை பசங்க?"

"மூணு."

மறுபடி சாவியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கார்மேல் எனக்கு இன்னும் ஆசைதான். அன்று வீடு திரும்பும்போது, பின்சீட்டில் நீங்கள் யாரும் இல்லாமல், நம் தெரு மேட்டில் தனியாக ஏறி இறங்கினேன். தட்டும் சத்தமே வரவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு வந்து, இன்னொரு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன்.