கயிற்றின் கடைசி ஆள்

கயிறு உரசிக் கன்றிய உள்ளங்கையில் தடவிய தேங்காய் எண்ணெயின் மணம் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் இருந்தது. காரைக்காலின் சிறிய கல்லூரி ஒன்றில் படித்த என் சித்தப்பா, தன்னோடு படித்த எங்கள் ஊர் மண்டபத்தூர் நண்பர்களைச் சேர்த்துக் "கயித்து டீம்" அமைத்திருந்தார். கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம் நடத்தும் கயிறு இழுக்கும் போட்டியில் வென்றால் கிடைக்கும் முதலிடச் சான்றிதழ், போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் உதவும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். "மீன்புடி போட்டுக்கு வேற ஆளு கெடைக்கும் பாப்பா, எனக்குக் காக்கிச் சட்டை கெடைக்கணும்" என்பார்.

கல்லூரிக்கு மைதானம் கிடையாது. பயிற்சி என்றால், விடியலில், கடலில் விரித்த கரைவலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுப்பவர்களோடு சேர்ந்து இழுப்பதுதான்.

இறுதிப் போட்டியில் இரண்டு அணிகளும் தலா ஓர் இழுப்பு வென்றிருந்தன. மூன்றாவது இழுப்பை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். ஷூ போட்ட எதிரணி சறுக்கத் தொடங்கி, கயிறு எங்கள் பக்கம் மளமளவென்று வந்தபோது, கடைசி ஆளாக நின்ற சித்தப்பா சட்டென்று கயிற்றை விட்டுவிட்டு முன்னே ஓடி, முதல் ஆளுக்கும் முன்னால் பிடித்து இழுத்தார். கரைவலையில் அதுதான் வழக்கம்: மணல்மேடு வரை வந்துவிட்ட கடைசி ஆள் கயிற்றை விட்டு, தண்ணீரோரம் போய்ப் புதிதாகப் பிடிப்பார். எதிரணி கோட்டைத் தாண்டி வந்து விழுந்தது. நாங்கள் கத்திக் கொண்டாடினோம்.

சங்கச் செயலாளர் நடுவரிடம் பேசிவிட்டு வந்து, சித்தப்பாவின் முதுகில் கை வைத்தார். "நீங்கதான் பலசாலி தம்பி. ஆனா சங்க விதிப்படி, கயித்த விட்டா விட்டதுதான். ஜெயிச்சது அவங்க."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். வரிச்சிக்குடி தாண்டியதும், அணியில் முதல் ஆளாக நின்ற நண்பர் மெதுவாகக் கேட்டார்: "ஏன் மச்சான், இன்னிக்கு வலையில என்ன மீனு?"

"ஒரு மத்திகூட இல்லடா" என்று சிரித்த சித்தப்பா, சிரித்து முடிப்பதற்குள் அழுதார். நண்பர் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

காக்கிச் சட்டை கிடைக்கவில்லை. சித்தப்பா விசைப்படகுக்குப் போனார். எங்கள் கரையில் இப்போது கரைவலை இழுப்பவர்கள் இல்லை. பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதும் எனக்கு இந்த ஆண்டு சங்கம் அனுப்பிய போட்டிப் பட்டியலில் கயிறு இழுக்கும் போட்டியும் இல்லை. சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். படகு இன்ஜின் சத்தத்துக்கு மேல் அவர் குரல் வந்தது:

"அப்ப இனிமே எவனாலும் நம்மளத் தோக்கடிக்க முடியாது பாப்பா."