பேமிலிங்களா?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், ஏற்காட்டில் கோடை விழா நடந்துகொண்டிருந்த சமயம். அப்போது நான் சென்னையில் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்க யாரையாவது யாருடனாவது சேர்த்துவைக்கிற வேலை. ஆனால் எனக்கென்று ஒரு டிரங்க் கால் போட நம்பர் கிடையாது. அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்யாணம் தட்டித் தட்டிப் போய், முப்பத்தைந்துக்கு மேல் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

மே மாதம் வந்தால் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் ஆளாளுக்குப் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள். "நீ எங்கடி போறே?" என்று கேட்டே என் பிராணனை வாங்குவார்கள். அந்த வருடம் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, "நானும் டூர் போறேன், ஏற்காட்டுக்கு" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வாயை விட்டபிறகு போகாமல் இருக்க முடியுமா? சேலம் வரை ரயில், அங்கிருந்து பஸ்.

அடிவாரத்தில் ஒரு பெரிய குடும்பம் ஏறியது. "தனியாத்தானுங்களே இருக்கறீங்க, கொஞ்சம் மாறி உக்காருங்க" என்றார்கள். மாறினேன். அடுத்து ஏறியவர்களும் அதையே சொன்னார்கள். இப்படியே நகர்ந்து நகர்ந்து, மலை ஏறி முடிவதற்குள் டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டிக்கே வந்துவிட்டேன்.

மலர்க் காட்சியில் அதைவிட வேடிக்கை. ரோஜாப் பாத்தி பக்கத்தில் நின்றால் போதும், "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க" என்று கேமராவை என் கையில் திணித்துவிட்டு வரிசையாக நிற்பார்கள். அன்றைக்கு நான் எடுத்த படங்கள் எத்தனை வீட்டு ஆல்பத்தில் இருக்கின்றனவோ! ஒன்றில்கூட நான் இல்லை. ஏரிக்குப் போனால், மிதி படகுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று டிக்கெட் கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏண்டா வந்தோம் என்று இருந்தது.

பசி வயிற்றைக் கிள்ளியது. பக்கத்தில் இருந்த ஓட்டலுக்குள் நுழைந்தேன். நடுத்தர வயது சர்வர் ஒருவர், தோளில் துண்டோடு ஓடிவந்தார். "ஏனுங்கம்மா, பேமிலிங்களா?"

அந்தக் காலத்தில் பெண்கள் உட்கார என்று ஓட்டல்களில் பிளைவுட் தடுப்புப் போட்டு 'பேமிலி ரூம்' வைத்திருப்பார்கள். அங்கே உட்காருகிறீர்களா என்று கேட்கிறார் என நினைத்து, "ஆமாங்க" என்றேன். உள்ளே ஜன்னலோர மேஜைக்கு அழைத்துப் போனவர், மளமளவென்று நான்கு இலை போட்டு, நான்கு டம்ளரில் தண்ணீரும் வைத்துவிட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்ல மனசு வரவில்லை. நான்கு இலைகளுக்கு நடுவில் ஒருத்தியாக உட்கார்ந்திருப்பது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக இருந்தது. பக்கத்து மேஜையில் ஒரு பெரிய குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்த வாட்டசாட்டமான அம்மாள், நாற்காலியை இழுக்க வந்த தன் பெண் குழந்தையிடம், "அதத் தொடாத சாமி, அவிங்களுக்கு ஆளு வராங்க" என்றார். நானும் பெரிய மனுஷி மாதிரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டேன். "ஏரிக்குப் போயிருக்காங்களாட்ட இருக்குது?" என்று சர்வர் கேட்டபோது, என்னை அறியாமல் "ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மேகம் இறங்கி எதிர்க் கடைகூடத் தெரியவில்லை. சர்வர் வாசலுக்கும் என் மேஜைக்குமாக நடந்தார். பிறகு ஆளைக் காணோம்.

விழா ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது. "ஒரு முக்கிய அறிவிப்பு. பச்சைப் புடவை அணிந்த அம்மா ஒருவர் ஓட்டலில் வெகுநேரமாகக் காத்திருக்கிறார். அவருடைய கணவரும் பிள்ளைகளும் எங்கிருந்தாலும் உடனே வரவும்." ஐயோ பாவம், யாரோ, என்று நினைத்தேன். அப்புறம் குனிந்து என் புடவையைப் பார்த்தேன். பச்சை.

அதற்குள் சர்வர் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். "ஏரி சுத்தியும் பாத்துட்டனுங்க, மைக்குலயும் சொல்லச் சொல்லிட்டனுங்க. பயப்படாதீங்க. பையன் என்ன சட்டைங்க போட்டிருக்கான்?"

என்ன சட்டை என்று சொல்வேன்? அழுகை பொங்கிவிட்டது. "அழுவாதீங்க அம்மிணி, வந்துருவாங்க" என்று பக்கத்து மேஜை அம்மாள் என் முதுகைத் தடவினார். அதற்கு மேல் தாங்கவில்லை. "யாரும் வரமாட்டாங்க. எனக்கு யாருமே இல்லீங்க. நான் தனியாத்தான் வந்தேன்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

சர்வர் கன்னாபின்னாவென்று திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆவலீங்கல்ல? நல்ல வேளைங்க" என்றார். அடுத்த நிமிஷமே பதறினார். "அடடா, அப்ப நீங்க இன்னும் சாப்புடவே இல்லீங்களே!"

அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் இலையை எடுத்துக்கொண்டுபோய்த் தன் இலைக்குப் பக்கத்தில் போட்டார். "நவுந்து உக்காரு சாமி. நீங்க வாங்க அம்மிணி, ஒத்தையில உக்காந்தா சோறு எறங்குங்களா?" என்றார்.

வெளியே ஒலிபெருக்கி மறுபடியும் என் கணவரையும் பிள்ளைகளையும் கூப்பிட்டது. எனக்கு உயிரே போனது. "அதை நிறுத்தச் சொல்லுங்க" என்று சர்வரிடம் கெஞ்சினேன். என்னவென்று சொல்லி நிறுத்துவார் என்பதும் பயமாக இருந்தது. பச்சைப் புடவைக்காரி பொய் சொன்னாள் என்று ஊர் முழுக்கக் கேட்குமே! அவர் சோற்றையும் சாம்பாரையும் பரிமாறிவிட்டு, மறுபடியும் மழையில் இறங்கி ஓடினார்.

நான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாம்பார் சூடாக இருந்தது. அந்தப் பெண் குழந்தை என் அப்பளத்தில் பாதியைக் கேட்காமலே உடைத்து எடுத்துக்கொண்டது. அப்போது பாட்டு மறுபடி நின்றது.

"பச்சைப் புடவை அம்மாவின் குடும்பத்தைத் தேடி அறிவித்திருந்தோம். அந்தக் குடும்பம் கிடைத்துவிட்டது. நன்றி."

"கேட்டீங்களா அம்மிணி, கெடச்சிருச்சாமா!" என்று அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணீர் சாம்பாரில் விழுந்தது.

மழை விட்டதும் அவர்கள் வேன் ஏறிப் போய்விட்டார்கள். பேர்கூடக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. நான் பஸ் பிடித்து மலை இறங்கினேன், அதே மாதிரி தனியாக. இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறேன். பென்ஷன் வருகிறது, காலம் ஓடுகிறது. ஆனால் எந்தப் பொருட்காட்சியிலாவது ஒலிபெருக்கி யாரையாவது தேடிக் கூப்பிட்டால், அவர்கள் கிடைத்துவிட்டார்கள் என்ற இரண்டாவது அறிவிப்பு வரும்வரை, நின்ற இடத்தை விட்டு என்னால் நகர முடிவதில்லை.